கண்மாய்க்குள் குடியிருக்கும் காட்டுப்பன்றி

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் காடு என்று சொல்ல எதுவும் இல்லை. மலை மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. இங்கே இருப்பதெல்லாம் கரிசல், கண்மாய், சீமைக்கருவேலம். ஆனாலும் மக்காச்சோளம் பால் பிடிக்கும் கார்த்திகை, மார்கழியில் இரவெல்லாம் தகரம் தட்டும் சத்தம் ஓய்வதில்லை. காரணம், காட்டுப்பன்றி.

பன்றி தின்பதைவிடச் சாய்ப்பதுதான் அதிகம். தட்டையை ஒடித்துக் கதிரைப் பாதி கடித்துவிட்டு அடுத்த தட்டைக்குப் போய்விடும். நிலக்கடலை என்றால் செடியோடு கிளறி எடுக்கும். அந்த நேரத்தில் விதை, உரம், படைப்புழு மருந்து என்று எல்லாச் செலவும் முடிந்திருக்கும். அறுவடைக்கு முன் வரும் இந்த நட்டம் மானாவாரிக்காரருக்குக் கடனாகத்தான் நிற்கும்.

இந்தப் பன்றிகள் மலையிலிருந்து தினமும் இறங்கி வருபவை அல்ல. பகலில் கண்மாய்க்குள், ஓடைக்கரையில், தரிசில் அடர்ந்து நிற்கும் கருவேலம் புதருக்குள் படுத்திருக்கும். நிழல், சேறு, தின்னக் கருவேலங்காய் எல்லாம் அங்கேயே உண்டு. பெட்டைகளும் குட்டிகளும் கூட்டமாகத் திரியும். வளர்ந்த ஆண் தனியே அலையும். நாலு மாதத்துக்குள் சினை முடிந்து, ஒரு ஈற்றில் நாலு முதல் ஆறு குட்டி போடும். இங்கே புலி, சிறுத்தை இல்லாததால் பெருக்கத்துக்குத் தடையும் இல்லை.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம். இந்தக் கரிசல் கிராமங்களில் பெரும்பாலானவை மூன்றாம் வகையில்தான் வரும்.

சுடுவது வனத்துறைதான், விவசாயி அல்ல. கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனவர் அடங்கிய கிராமக் குழு சேதத்தைப் பார்த்துச் சொன்ன பிறகே நடவடிக்கை தொடங்கும். அதனால் தனி ஆளாக மனுக் கொடுப்பதைவிட, சேதமான எல்லோரும் சர்வே எண், பயிர், பரப்பு, படம் ஆகியவற்றோடு சேர்ந்து கொடுப்பதே பலன் தரும். சுட்ட பன்றியின் கறிக்கு யாரும் ஆசைப்பட வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசின் சொத்து.

துப்பாக்கி மட்டும் போதுமா என்றால், போதாது. அமெரிக்காவின் டெக்சாஸில் 2011 முதல் ஹெலிகாப்டரிலிருந்தே பன்றியைச் சுட அனுமதி உண்டு. அங்கே இன்னும் பன்றி தீரவில்லை. மிசௌரி மாநிலமோ 2016இல் தன் வனப் பாதுகாப்புத் துறை நிலங்களில் பன்றி வேட்டையைத் தடை செய்தது. ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறிப் புது இடத்தில் குடியேறுகின்றன, கூட்டத்தை மொத்தமாகப் பொறியில் பிடிக்கும் வேலையும் கெடுகிறது என்பதே அவர்கள் சொன்ன காரணம். கருவேலம் அடர்ந்த கண்மாயில் இரண்டு பன்றியைச் சுட்டால், மிச்சம் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அவ்வளவுதான்.

ஆக, வேலை கண்மாய்க்குள் இருக்கிறது. கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். அதை ஒழிக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அடிக்கட்டையை விட்டு மேலே மட்டும் வெட்டினால் அது பல கிளையாகத் தழைத்து முன்பைவிடத் தாழ்வான, அடர்த்தியான புதராகும். பன்றிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது! ஏலம் விடும்போதே வேரோடு தோண்டி எடுக்க வேண்டும் என்று நிபந்தனை போடச் சொல்லலாம். மே 1 கிராம சபையில் தீர்மானம் வைத்தால், புரட்டாசி விதைப்புக்கு முன் வேலை முடிய வாய்ப்புண்டு. வயலை ஒட்டிய கரையிலிருந்து தொடங்குவது நல்லது.

அதுவரை புடவை கட்டுவதும் ஓரத்தில் ஆமணக்கு விதைப்பதும் ஓரளவு உதவும். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. மனித வாடைக்குச் சில நாள் பயப்படும், பிறகு பழகிவிடும். புடவையை இடம் மாற்றிக் கட்ட வேண்டும்.

வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக் கம்பியில் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் 3 யானைகள் இறந்தன. வேலி போட்ட விவசாயி சிறைக்குப் போனார். இருட்டில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்துக் காட்டுக்காரர், ஏன், வேலி போட்டவரே சாகவும் கூடும். அவுட்டுக்காய் வைத்தால் முதலில் வாய் கிழிவது மேய்ச்சல் ஆடும் மாடும்தான்.

காப்பீடு செய்தவர்களுக்கு ஒரு செய்தி: வன விலங்குச் சேதத்தையும் பிரதமர் பயிர்க் காப்பீட்டில் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. 2026 கரீப் பருவத்திலிருந்து நடைமுறை. சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் இடக்குறியுள்ள படத்தோடு பதிவு செய்ய வேண்டும். சாய்ந்த தட்டையைப் படம் எடுக்கும் முன் அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள்.