உஷார்! மூக்கைச் செதுக்கக் கூப்பிடுகிறார்கள்

கல்யாண சீசன் நெருங்கினால் போதும். வேலூர் பாகாயத்தில் காட்பாடி பஸ் ஏறும் பெண்பிள்ளைகளின் போனில் ஒரே மாதிரி ரீல்ஸ் வரிசை கட்டுகிறது. மூக்கைக் கூர்மையாக்கலாம், உதட்டை உப்ப வைக்கலாம், ஒரே நாளில் தொப்பையைக் கரைக்கலாம். வலி இல்லை, வடு இல்லை, இஎம்ஐ உண்டு, ஆஃபர் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. ஆபரேஷனுக்கு ஆஃபர்! தங்கச்சிகளே, முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

2022 மே 16, பெங்களூரு. கன்னட சீரியல் நடிகை சேத்தனா ராஜுக்கு வயது 21. கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்காக ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார். பெற்றவர்களிடம் சொல்லவில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு அன்றே உயிர் போனது. அவருடைய படங்களைப் பார்த்தால், எந்தக் கொழுப்பை எடுக்கப் போனார் என்றுதான் கேட்கத் தோன்றும்.

பெங்களூரு கதைதானே என்று விட்டுவிட வேண்டாம். 2016 மே மாதம், சென்னை மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படித்த ஒரு மாணவர் சென்னையில் தலைமுடி நடும் சிகிச்சை செய்துகொண்டார். உடம்பு மோசமாகி, கடைசியில் கொண்டு வந்தது நம்ம வேலூர் சி.எம்.சி.க்கு. காப்பாற்ற முடியவில்லை. சிகிச்சை நடந்த இடம் வாங்கி வைத்திருந்தது சலூன் லைசென்ஸ் என்பது பிறகு விசாரணையில் வெளியே வந்தது. டாக்டருக்குப் படித்த பிள்ளையே பளபளப்பான போர்டை நம்பிப் போயிருக்கிறார் என்றால், பி.காம். படிக்கும் பெண்ணும் ஆம்பூர் ஷூ கம்பெனி வேனில் ஏறும் பெண்ணும் எம்மாத்திரம்? 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் வயிற்றுக் கொழுப்பை எடுக்கப் போன 31 வயது சாஃப்ட்வேர் இன்ஜினியர், கிருமித் தொற்றால் ஒன்பது விரல்களை இழந்தார்.

கொழுப்பை உறிஞ்சுவது என்றால் பியூட்டி பார்லர் வேலை இல்லை. தோலுக்கு அடியில் மருந்து கலந்த திரவத்தை ஏற்றி, குழாயை நுழைத்து, கொழுப்பைக் கலைத்து இழுக்கிறார்கள். சிதறிய கொழுப்புத் துளி ரத்தக்குழாய்க்குள் போனால் நுரையீரலை அடைக்கும். ஏற்றிய திரவம் அளவு மீறினால் மூச்சு திணறும். மயக்க மருந்து நிபுணரும் ஐசியூவும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத இடத்தில் இதைச் செய்வது கொலைக்குச் சமம் என்பேன்.

ஆனால் கிளினிக்கை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அங்கே போகும் முன்பே, ‘என் மூக்கில் குறை இருக்கிறது’ என்று ஒரு பெண்ணை நம்ப வைத்தது யார்? பெரும்பாலும் அவள் கையில் இருக்கும் போன்தான். இதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஸ்கூல் ஸ்கேல் ஒன்றை எடுத்து, முகத்திலிருந்து சரியாக ஒரு அடி தூரத்தில் போனைப் பிடித்து செல்ஃபி எடுங்கள். பிறகு அதே வெளிச்சத்தில், ஐந்து அடி தள்ளி நின்று யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடியிருக்கும். ஐந்து அடியில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் ஒரு அடி செல்ஃபியில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். போனை நான்கு அடி தள்ளிப் பிடித்தால் தீர்கிற விஷயத்துக்குக் கத்தி எதற்கு?

அடுத்தது ஃபில்டர். ஆபரேஷன் செய்த முகம்போலக் காட்டும் ஃபில்டர்களை 2019-இலேயே இன்ஸ்டாகிராம் எடுத்துவிட்டது. வெளியார் செய்த ஃபில்டர்கள் எல்லாமே 2025 ஜனவரியில் மூடப்பட்டன. ஆனாலும் எடிட் ஆப்களும், போனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் பியூட்டி மோடும் அப்படியேதான் இருக்கின்றன. பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கீறலும் உண்ணி கடித்த தழும்பும் உள்ள தோலைத்தான் தேய்த்து, மேலே பிக்மென்ட் அடித்து, போலி ரேகையை அச்சடிப்பார்கள். தன் ரேகையோடு நிற்கும் தோலுக்குத்தான் கூடுதல் விலை. ஆம்பூரில் ஷூவுக்குத் தெரிந்த இந்த நியாயம், முகத்துக்கு மட்டும் தலைகீழாகப் போய்விட்டது.

‘முன்பு – பின்பு’ படங்களில் ஏமாறுவது இன்னும் சுலபம். அடுத்த முறை பார்க்கும்போது மூக்கைப் பார்க்காதீர்கள், மற்றதைப் பாருங்கள். முன்பு: தலைக்கு மேலே டியூப்லைட், இழுத்துக் கட்டிய முடி, சிரிப்பே இல்லாத முகம். பின்பு: எதிரே ரிங் லைட், லிப்ஸ்டிக், விரித்துவிட்ட முடி, கொஞ்சம் முன்னே நீட்டிய தாடை. எத்தனை நாள் கழித்து எடுத்தது என்று எங்கேயும் இருக்காது. வீக்கம், ரத்தக்கட்டு, கட்டுப் போட்ட நாட்கள், மறுபடி செய்ய வேண்டி வந்தவர்களின் கதை, இவை எதையும் ரீல்ஸில் காணோம். கூடவே, பேசுகிறவர் காசு வாங்கிப் பேசுகிறாரா என்று பாருங்கள். காசு வாங்கினால் அது விளம்பரம் என்று போட வேண்டும் என 2021 முதலே விளம்பரத் தரக் கவுன்சிலின் விதி இருக்கிறது. டாக்டர்கள் விளம்பரம் போட்டு ஆள் பிடிப்பது 2002-இன் மருத்துவ நடத்தை விதிகளின்படி தப்பு. அந்த விதியைப் படித்துவிட்டு ரீல்ஸைத் திறந்தால் சிரிப்பு வரும்.

படத்தின் ஓரத்தில் ‘திருத்தப்பட்டது’ என்று எழுதிவிட்டால் சரியாகிவிடுமா? பிரான்ஸ் 2017-இல் அதைத்தான் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் மரிகா டிக்மன் குழுவினர் சோதனைமேல் சோதனை செய்து பார்த்தார்கள். லேபிளைப் படித்த பெண்களுக்கும் தங்கள் உடம்பின்மேல் இருந்த அதிருப்தி குறையவில்லை. பொய் என்று தெரிந்தாலும் கண் ஆசைப்படும். படங்களுக்கு எவ்வளவு பலம் என்று பாருங்கள்: பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995-இல்தான் டிவி வந்தது. ஹார்வர்டின் ஆன் பெக்கர் மூன்று வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, மெலிய வேண்டும் என்று சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பள்ளிப் பெண்கள் நூற்றுக்குப் பதினோரு பேர் இருந்தார்கள். டிவி வந்த புதிதில் அப்படி ஒருவரும் இல்லை.

லேபிள் போதாது, படங்களை உட்கார்ந்து பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். டெல்லிப் பள்ளிகளில் ஐந்து வகுப்புகளாக இதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில், பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய எண்ணம் மேம்பட்டது என்று 2023-இல் ஆய்வு வந்தது. அது ஆபரேஷன் ஆசையை நேரடியாக அளந்த ஆய்வு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று: அந்தப் பாடத்திட்டம் டவ் சோப்பின் பெயரில் வந்தது. டவ்வின் சொந்தக்கார யூனிலீவர்தான் 1975 முதல் ஃபேர் அண்ட் லவ்லியையும் இந்தியாவில் விற்றது. 2020-இல் பெயரை மாற்றியது. யார் சொல்கிறார்கள், எதற்குச் சொல்கிறார்கள் என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு, தன்னையும் அதே கேள்வி கேட்டுக்கொள்ளட்டும். ஆக்சிலியம், டி.கே.எம். போன்ற நம்மூர்ப் பெண்கள் கல்லூரிகளும், நூற்றுக்கணக்கில் பெண்களை வைத்து வேலை வாங்கும் ஷூ கம்பெனிகளும் இதற்கு வருஷத்தில் சில மணி நேரம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

முகத்தில் கத்தி வைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் வேலூர் மண்ணே சிரிக்கும். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் ஆபரேஷன் செய்து நிமிர்த்தியது இங்கேதான். சப்பையாகிப்போன மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும்கூட அந்தக் காலத்திலேயே திரும்பக் கட்டிக் கொடுத்தார்கள். ஊர் ஒதுக்கிய மனிதர்கள் மறுபடி வேலைக்குப் போக முடிந்தது. தீக்காயம், பிளந்த உதடு, விபத்து, தாங்க முடியாத தோள் வலி தரும் மார்புப் பாரம், இவற்றுக்கெல்லாம் தயங்காமல் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது.

போகிறவர்கள் கேட்டுவிட்டுப் போங்கள். செய்யப் போகிறவர் எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரா, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் அவர் பதிவு எண் இருக்கிறதா, கிளினிக்கின் பதிவுச் சான்று சுவரில் மாட்டியிருக்கிறதா, மயக்க மருந்து நிபுணர் கடைசிவரை கூட இருப்பாரா? பட்டறையிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமே எழுத வேண்டி வந்தது. நிலைமை அப்படி இருக்கிறது. ‘இன்றைக்கே பணம் கட்டினால் பாதி விலை’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். குழு லோன் எடுத்தோ சீட்டுப் பணத்தைப் போட்டோ செய்யாதீர்கள். வீட்டில் ஒருவருக்காவது சொல்லாமல் ஆபரேஷன் படுக்கையில் ஏறாதீர்கள்.

அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் ஒன்று: ‘மூக்கு மட்டும் கொஞ்சம் சரியா இருந்திருந்தா’ என்று பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் பேசுவதை நிறுத்துங்கள். நாள் முழுக்கக் கண்ணாடியே கதி, வெளியே வரவே கூச்சம், யார் சொல்லியும் சமாதானம் ஆகவில்லை என்றால் அந்தப் பெண்ணுக்கு வேண்டியது சர்ஜன் இல்லை. பேசிக் கேட்கத் தெரிந்த மனநல மருத்துவர். சி.எம்.சி. மனநல மையம் இதே பாகாயத்தில்தான் இருக்கிறது.

ஏற்கெனவே செய்துகொண்டு வந்தவர்களுக்கு மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, காய்ச்சல், கை கால் நிறம் மாறுதல் என்று எது வந்தாலும், கிளினிக்குக்குப் போன் போட்டுக் காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.