ஃபில்லிங் ஆடுகிறதா? வலி வரும்வரை காத்திருக்காதீர்கள்

மார்கழியில் மயிலாப்பூர், தி.நகர் சபா கேன்டீன்களில் ஆவி பறக்கும் ஃபில்டர் காபி முடிந்த கையோடு ஐஸ்கிரீம் வரும். அந்தச் சில நிமிடங்களில் பல்லின் மேற்பரப்பில் வெப்பநிலை 40 டிகிரி அளவுக்கு ஏறி இறங்கலாம். பல்லும் அதில் அடைத்த ஃபில்லிங்கும் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். ஆனால் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. எனாமலைவிட வெள்ளி ஃபில்லிங் இரண்டு மடங்குக்கும் மேல் விரிகிறது. பல் நிறத்தில் வைக்கும் ரெசின் ஃபில்லிங் மூன்று மடங்குவரை. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது விளிம்பில் மயிரிழை இடைவெளி விழுகிறது.

ரெசினுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நீல ஒளி பட்டு இறுகும்போதே அதன் கன அளவு பொதுவாக 2 முதல் 3 சதவீதம்வரை சுருங்கிவிடும். இதைச் சமாளிக்கத்தான் மருத்துவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடுக்கடுக்காக வைக்கிறார். அந்த நேரத்தில் பல்லில் எச்சில் பட்டுவிட்டாலும் பிடிப்பு குறையும். கடைவாய்ப் பற்களை முழு பலத்தோடு கடித்தால் 60, 70 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழலாம். கோகுலாஷ்டமிச் சீடையும் தட்டையும் பழைய ஃபில்லிங்கைப் பெயர்த்தெடுப்பது இதனால்தான்.

பெயர்ந்து விழுந்தால்கூட நல்லதுதான், உடனே மருத்துவரிடம் ஓடுவோம். விழாமல் லேசாக ஆடிக்கொண்டிருக்கும் ஃபில்லிங்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. மொட்டை மாடியில் எங்கோ விழுந்த விரிசல் வழியே இறங்கும் மழைநீர், வீட்டுக்குள் சுவர் ஊறிய பிறகுதானே கண்ணுக்குத் தெரிகிறது? அதுபோலத்தான் இதுவும். இடைவெளியில் தங்கும் மாவும் சர்க்கரையும் கிருமிகளுக்குத் தீனி. அவை வெளியிடும் அமிலத்தால் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே போனதும் எனாமலின் தாது கரையத் தொடங்கும். எனாமலுக்குக் கீழே உள்ள டென்டின் இன்னும் மென்மையானது. அங்கே சொத்தை வேகமாகப் பரவும். மேலே ஃபில்லிங் மூடியிருப்பதால் கண்ணாடியில் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

டென்டின் முழுக்க நுண்குழாய்கள். அவற்றில் உள்ள திரவம் குளிர் பட்டதும் நகர்ந்து நரம்பைச் சீண்டுவதே நாம் சொல்லும் பல் கூச்சம். இந்தக் கட்டத்தில் போனால் பெரும்பாலும் புது ஃபில்லிங்கோடு வேலை முடிந்துவிடும். இரவில் தூக்கம் கெடுக்கும் விண்விண் வலி வந்த பிறகு போனால் ரூட் கெனால், அதன்மேல் கேப் என்று நேரமும் செலவும் பல மடங்கு. ஏற்கெனவே ரூட் கெனால் செய்த பல்லுக்குக் கூசுவதற்கு நரம்பே இல்லை. அதில் ஃபில்லிங் கசிந்தால் எச்சரிக்கையே வராது. அதனால் வலியை எதிர்பார்க்காமல் மற்ற அடையாளங்களைக் கவனியுங்கள்: ஒரே இடத்தில் உணவு மாட்டுவது, நாக்கில் புதிதாக ஒரு முனை தட்டுப்படுவது, கடிக்கும்போது சுருக்கென்பது, அந்தப் பக்கம் மட்டும் கெட்ட வாடை.

மருத்துவரைப் பார்க்கும்வரை மறுபக்கம் மென்று, வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளியுங்கள். விழுந்த துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ஃபெவிக்விக் போன்ற பசையால் நீங்களே ஒட்டவே கூடாது. கிராம்புத் தைலம் வலியைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் அளவு மீறினால் ஈறு வெந்துபோகும். அதிலுள்ள யூஜினால் ரெசின் சரியாக இறுகுவதையும் கெடுக்கும். தைலம் வைத்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை ஈறில் அடக்கிக்கொள்வதும் புண்ணாக்கும். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போக வேண்டும்.

வெள்ளி ஃபில்லிங்கில் ஏறக்குறைய பாதி பாதரசம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் அதன் பயன்பாட்டைப் பெரும்பாலும் தடை செய்துவிட்டது. அதற்காக, உறுதியாக இருக்கும் பழைய ஃபில்லிங்கைப் பயந்து எடுக்கச் சொல்லத் தேவையில்லை. துளைத்தெடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகமாக வெளிவரும்.

செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாக 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில்தான் இருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து பறக்கும் ரயிலும் மாம்பலத்திலிருந்து மின்சார ரயிலும் அங்கே நிற்கும். பண்டிகை முடியட்டும் என்று பார்க்காமல், காலை நேரத்தில் புறநோயாளிகள் பிரிவுக்குப் போய்ச் சேருங்கள்.