மலையில தீ: எப்போ நல்லது, எப்போ கெட்டது?

கார்த்திகை தீபத்தன்னிக்கு அண்ணாமலை உச்சியில எரியற தீயைக் கையெடுத்துக் கும்பிடறோம். மாசி, பங்குனியில அதே மலையோட சரிவுல எரியற தீயை யாரும் கும்பிடறதில்ல. இன்னைக்கு அந்த ரெண்டாவது தீயைப் பத்திதான் பேசப்போறோம்.

வடகிழக்குப் பருவமழை முடிஞ்சதும், சரிவுல வளர்ந்து நிக்கிற எலுமிச்சைப்புல் காய ஆரம்பிக்கும். கோடை வர்றதுக்குள்ள அது முழுக்க எரிபொருள். யாரோ வீசின ஒரு பீடித்துண்டு போதும்.

தீ போனதும் ஒரு மழை பெய்யட்டும், புல் மறுபடி பச்சையா வந்துடும். காரணம், அதோட வளரும் முனை மண்ணை ஒட்டியே பத்திரமா இருக்கு. மரக்கன்னுக்கு அந்த வசதி இல்ல. முனை மேல இருக்கு, பட்டையும் மெல்லிசு. சில மரங்கள் வேர்ல ஒரு பேக்கப் வச்சிருக்கும், திரும்பத் துளிர்க்கும். ஆனா வருஷா வருஷம் எரிஞ்சா, ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். மரம் இல்லாத இடத்துல புல் இன்னும் அடர்த்தியாகும். அடுத்த தீக்கு அதுவே விறகு. மலையில கன்னு நட்டு வளர்க்கிறவங்க இந்தச் சுழலைத்தான் உடைக்கப் பாக்குறாங்க.

சரி, மண்ணுக்கு என்ன ஆகுது? மண் வெப்பத்தை மெதுவாதான் கடத்தும். புல்தீ வேகமா ஓடிடும். அதனால சில சென்டிமீட்டருக்குக் கீழ பெரிய சூடு போகாது. 'சாம்பல் உரம்தானே'ன்னு கேப்பீங்க. பாதி உண்மை. பொட்டாசியமும் கால்சியமும் சாம்பல்ல தங்கும். நைட்ரஜன்ல பெரும்பகுதி புகையோட போயிடும். சமதரைன்னா மிச்சமாவது நிலைக்கும். சரிவுல, மூடாக்கு எரிஞ்சுபோன மண்ணு மேல கோடைமழை அடிச்சா, சாம்பலோட மேல்மண்ணும் சேர்ந்து இறங்கிடும்.

அப்போ தீயே கூடாதா? அப்படியும் இல்ல. அமெரிக்காவுல ஓக் மரங்கள் நிக்கிற புல்வெளிகள்ல திட்டம்போட்டு தீ வைக்கிறாங்க. இல்லன்னா புதர் மூடிடும். அவ்வளவு தூரம் போகவேண்டாம், நம்ம சத்தியமங்கலத்தை ஒட்டின பிலிகிரிரங்கன் மலைக்குப் போனா போதும். அங்க சோலிகர் பழங்குடிகள், கோடை உச்சத்துக்கு முன்னாடியே 'தரகு பெங்கி' வைப்பாங்க. தரகுன்னா சருகு, பெங்கின்னா நெருப்பு. தாழ்வா, வேகமா ஓடுற தீ. 1974-ல அந்தக் காடு சரணாலயமாச்சு, தீ வைக்கிறது நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் உண்ணிச்செடி காட்டை மூடிச்சு, நெல்லி மரத்துல புல்லுருவி பெருகிச்சுன்னு சோலிகர்கள் சொல்றாங்க.

இதே கணக்குதான் தீத்தடுப்புக் கோட்டுலயும். கோடைக்கு முன்னாடியே ஒரு பட்டை அளவுக்குப் புல்லை வெட்டி, ஆள் நின்னு எரிச்சுடுவாங்க. பின்னாடி பெரிய தீ வந்தா, அந்த இடத்துல அதுக்குத் தீனி இருக்காது.

ஆக, மாசத்தையும் இடைவெளியையும் பாக்காம தீயை நல்லது, கெட்டதுன்னு சொல்லமுடியாது. அதுக்காக நீங்க தீப்பெட்டி எடுக்காதீங்க. காப்புக்காட்டுல தீ வைக்கிறது 1882-ம் வருஷத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சுல குரங்கணியில மலையேறப் போனவங்க எத்தனை பேரைக் காட்டுத்தீயில இழந்தோம்னு நமக்குத் தெரியும். கிரிவலம் வர்றப்போ கற்பூரத்தைக் கோயில் வாசலோட முடிச்சுக்குங்க. மலை அடிவாரத்துல புகை தெரிஞ்சா, வீடியோ எடுக்கிறதுக்கு முன்னாடி வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்க.

அடுத்த எபிசோடுல பாக்கலாம்.