உங்களுக்குத் தெரியுமா? கதவைத் திறந்தால் பளிச்!

கப்போர்டு கதவைத் திறந்த நொடியே உள்ளே எல்.இ.டி. பளிச்சென்று எரிகிறதா? அந்த வித்தையைச் செய்யும் சின்ன சுவிட்சுக்குள் இருக்கும் சமாச்சாரங்களைக் கேளுங்கள், அசந்துபோவீர்கள்!

கதவில் ஒரு காந்தம், சட்டத்தில் ஒரு குட்டிக் கண்ணாடிக் குழாய். அதுதான் ரீட் சுவிட்ச்! அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் இதைக் கண்டுபிடித்தது 1936-ல். கண்ணுக்குத் தெரியும் ஒளி தரும் எல்.இ.டி. வந்ததோ 1962-ல். விளக்கைவிட சுவிட்சுக்கு 26 வயது அதிகம்!

காந்தம் பக்கத்தில் வந்ததும் குழாய்க்குள் இருக்கும் இரண்டு தகடுகள் ஒட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? சுமார் 1 மில்லி செகண்டு!

பல ரீட் சுவிட்சுகளில் அந்தத் தகடுகளின் நுனியில் பூசியிருப்பது ரோடியம். 2021-ல் ஒரு கட்டத்தில் ரோடியத்தின் விலை தங்கத்தைப்போல் 10 மடங்குக்கும் மேல்!

திருட்டு அலாரத்துக்கு விற்கும் ரீட் சுவிட்சை வாங்கிவந்து அப்படியே கப்போர்டில் மாட்டினால்? கதவு மூடியிருக்கும்போது விளக்கு எரியும், திறந்தால் அணைந்துவிடும்! பெரும்பாலான அலார சுவிட்சுகள் காந்தம் அருகில் வந்தால் இணைபவை. நமக்கு வேண்டியது நேர் எதிர்: காந்தம் விலகினால் இணைய வேண்டும். தெரியாமல் அலார சுவிட்சை மாட்டிவிட்டால், உள்ளே விளக்கு இரவு பகலாக எரிந்துகொண்டிருக்கும், மூடிய கதவுக்கு வெளியே நிற்கும் உங்களுக்குத் தெரியவே தெரியாது!

இன்னும் பெரிய ஆச்சரியம், கணக்கில் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி ரீட் ஒன்று தாங்குவது பெரும்பாலும் அரை ஆம்பியர்தான். 12 வோல்ட்டில் அது 6 வாட். மீட்டருக்கு 4.8 வாட் இழுக்கும் எல்.இ.டி. ஸ்ட்ரிப் என்றால் ஒன்றேகால் மீட்டரோடு சரி! முழு 5 மீட்டர் சுருளை மாட்டினால் 2 ஆம்பியர் பாயும். தகடுகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம், பிறகு கதவை எத்தனை முறை மூடித் திறந்தாலும் சுவிட்ச் அசையாது!

இதற்கும் வழி உண்டு, அதுவும் அருமையான வழி! நடுவே ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர். ரீட் கையால் சைகை காட்டினால் போதும், சுமையை அது தூக்கும். தகுந்த மாஸ்ஃபெட்டைத் தேர்ந்தெடுத்தால் 6 ஆம்பியர் ஸ்ட்ரிப்பும் அதற்குச் சாதாரணம்!

மின்னோட்டத்தைக் குறைக்க இன்னொரு வழி: அடாப்டரையும் ஸ்ட்ரிப்பையும் 12 வோல்ட்டிலிருந்து 24 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். அதே வாட், அதே வெளிச்சம், மின்னோட்டம் மட்டும் பாதி!

ஸ்டீல் பீரோவில் ரீட் மாட்டுகிறீர்களா? இரும்பு காந்தத்தின் சக்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வையுங்கள், சுவிட்ச் உயிர்பெறும்!

கதவு அழுத்தினால் உள்ளே போய், விட்டால் வெளியே துள்ளும் மைக்ரோ சுவிட்ச் இருக்கிறதே, அது 10 லட்சம் முறைக்கு மேல் அழுத்தினாலும் இயங்கும்படி செய்யப்படுகிறது. ஒரு நாளைக்கு 20 முறை கதவைத் திறந்தாலும் 10 லட்சத்தைத் தொட எத்தனை வருஷம்? 137! மர அலமாரிக்கு, சின்ன ஸ்ட்ரிப்புக்கு, என் ஓட்டு இதற்குத்தான்.

காந்தத்தை உணர்ந்து, எந்தப் பாகமும் அசையாமல் வேலைசெய்வது ஹால் சென்சார். எட்வின் ஹால் அதற்கு அடிப்படையான விளைவைக் கண்டது 1879-ல். எலெக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதோ 1897-ல். 18 வருஷம் முந்திவிட்டார் மனிதர்!

கதவில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்புக் கதிரை வைத்து இயங்கும் சென்சாருக்கு ஒரு பலவீனம் உண்டு. கறுப்பு மேட் கதவென்றால் கதிர் போதிய அளவு திரும்பாது, கதவு மூடியிருந்தும் திறந்ததாக நினைத்துக்கொள்ளும்! கூடவே இந்தச் சென்சார் 24 மணி நேரமும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். காந்த ரீட் குடிப்பது? பூஜ்யம்!

கடைசியாக, கடைக்காரர்கள் பலரும் சொல்லாத ஒன்று. நம் வீட்டு ஏ.சி. மின்சாரம் செகண்டுக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், சுவிட்சில் எழும் பொறி அப்போதே அணையும். டி.சி. தொடவே தொடாது! 250 வோல்ட் ஏ.சி.யில் 15 ஆம்பியர் தாங்கும் சில மைக்ரோ சுவிட்சுகள், அதே 250 வோல்ட் டி.சி.யில் 1 ஆம்பியரைக்கூடத் தாங்காது! 12 வோல்ட் டி.சி.யில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஓடுவது டி.சி.யில். அதனால் சுவிட்சைக் கையில் எடுத்ததும், பெரிய எழுத்தில் இருக்கும் ஏ.சி. எண்ணை விட்டுவிட்டு, டி.சி.க்கு எத்தனை ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள்!