தீப மலையில் அரசும் தன்னார்வலரும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் தமிழக அரசின் இந்து சமய அறநிலையத் துறை நிர்வாகத்தில் இருக்கிறது. ஆனால் கார்த்திகைத் தீபத் திருவிழா துறையின் கையால் மட்டும் நடந்துவிடுவதில்லை. உற்சவங்களுக்கு உபயதாரர்களும் கட்டளைதாரர்களும் உண்டு. 2,668 அடி உயர மலையுச்சியில் மகா தீபம் ஏற்றுவது வழிவழியாகப் பருவதராஜ குலத்தினரின் பணி. கொப்பரைக்கு வேண்டிய நெய்க்குப் பக்தர்கள் காணிக்கை செலுத்துகிறார்கள். அம்மன் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுக்கிறார்கள். தீபம் எரியும் மலையோ காப்புக்காடு. அது வனத்துறையின் பொறுப்பு.

இந்தப் பங்கீடு அதிகம் சோதிக்கப்படும் இடம் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. பௌர்ணமி இரவுகளில் அங்கே நடக்கும் லட்சக்கணக்கானோருக்கு உணவும் நீரும் தருபவர்களில் அன்னதானக் குழுக்கள் முக்கியமானவை. அவற்றின் தொண்டுக்கு ஈடாக அரசால் மட்டும் செய்துவிட முடியாது. ஆனால் நினைத்த இடத்தில் பந்தல் போட்டால் கூட்டம் தேங்கும், ஆம்புலன்ஸ் நகராது, எச்சில் தட்டுகள் குவியும். அதனால் தீபத் திருவிழாவில் அன்னதானம் செய்ய முன்அனுமதி வேண்டும். குறித்த இடத்தில் மட்டுமே வழங்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறையின் விதிகளுக்கும் உட்பட வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டும் குவளையும் 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் தடை செய்யப்பட்டவை.

மலையைப் பசுமையாக்கும் வேலை வேறு வகையான கூட்டு. விறகு வெட்டாலும் மேய்ச்சலாலும் தீயாலும் மொட்டையாகிக் கிடந்த சரிவுகளில் 1980களின் பிற்பகுதியிலிருந்து தன்னார்வ அமைப்புகள் மரம் நட்டுவருகின்றன. ‘தி ஃபாரஸ்ட் வே’ அறக்கட்டளை இம்மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நடுகிறது. கோடையில் காட்டுத்தீயைத் தடுக்கவும் அணைக்கவும் உழைக்கிறது. நிலம் அரசுடையது என்பதால் வனத்துறையின் இசைவு இன்றியமையாதது. நட்டதை ஆண்டுக்கணக்கில் பேணுவதற்கு உள்ளூர்க் கைகளும் அதே அளவு வேண்டும்.

தன்னார்வக் குழு சங்கமாகப் பதிவு செய்துகொள்வது அரசுடனான இந்த உறவுக்குச் சட்ட வடிவம் தருகிறது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிந்த சங்கம் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். பொறுப்பாளர் யார், பணம் எங்கே போனது என்று கேட்க அதனால் வழி பிறக்கிறது. ‘நமக்கு நாமே’ திட்டம் இன்னொரு வடிவம்: பொதுவாக, ஒரு பணிக்கு மக்கள் மூன்றில் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தருகிறது.

இணக்கம் எப்போதும் நிலைத்ததில்லை. 2002இல் மத்திய அரசு இக்கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்துத் தொல்லியல் துறையின் கீழ்க் கொண்டுவர முனைந்தது. ஊரார் எதிர்த்தார்கள், வழக்குத் தொடரப்பட்டது, 2004இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. தலைமுறைகளாகக் கோயிலைத் தாங்கியவர்களின் சம்மதமில்லாமல் எடுக்கும் முடிவு நிலைக்காது என்பது அதன் பாடம்.

2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். இரண்டு வாரத்துக்குள் தீபத் திருநாள். வல்லுநர் குழு மலையை ஆய்வு செய்தபின், பக்தர்கள் மலையேற அனுமதி மறுக்கப்பட்டது. தீபப் பணிக்குரியவர்கள் மட்டும் கொப்பரையோடும் நெய்யோடும் ஏறினார்கள். உயிரைக் காக்கும் கடமையை அரசு விட்டுக்கொடுக்கவில்லை, மரபுரிமையையும் பறிக்கவில்லை. டிசம்பர் 13 மாலையில் உச்சியில் தீபம் எரிந்தது.