செய்தி வந்ததை உணர்த்தும் குறிகள்

திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் மீனவர், வலையில் கண்ணாக இருக்கும் வேளையில் வானிலைச் செய்தியைத் தேடிக்கொண்டிருக்க இயலாது. செய்திதான் அவரை நாடிச் சென்று, தான் வந்திருப்பதை உணர்த்த வேண்டும். அலுவலக மேஜைமேல் உள்ள கணிப்பொறியின் திரையில், புதிய கடிதம் வந்ததைக் காட்டும் சிறு குறிக்கும் கடமை இதுவே. வேறொரு வேலையில் ஆழ்ந்திருப்பவரின் கவனத்தை வேண்டிய அளவுக்கு ஈர்ப்பதே இத்தகைய குறிகளின் நோக்கமாகும். இவற்றை அமைப்பது சிறிய விஷயமெனத் தோன்றலாம். ஆயினும் சில சமயங்களில் மனித உயிர்கள் இதனைப் பொறுத்திருக்கின்றன.

துறைமுகங்களின் பழைய முறை

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் குறிகளை ஏற்றும் வழக்கம் இந்தியாவில் முதன்முதலாக 1865-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தோன்றியது. 1 முதல் 11 வரை எண்ணிட்ட குறிகள் இதற்கென வகுக்கப்பட்டுள்ளன. பகலில் கூம்புகளும் உருளைகளும் கம்பத்தில் ஏற்றப்படுகின்றன. இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள் அவற்றின் இடத்தைப் பெறுகின்றன. பகற்குறிகள் நிறத்தால் அன்றி வடிவத்தால் வேறுபடுவது கவனிக்கத்தக்கது. மங்கிய ஒளியிலும் தொலைவிலும் நிறம் கண்ணுக்குத் தப்பிவிடும். வடிவம் அவ்வளவு எளிதில் தப்புவதில்லை.

அபாயத்தின் தரத்திற்கேற்பக் குறிகளும் படிப்படியாக உயர்கின்றன. முதல் இரண்டும் புயல் தொலைவில் இருப்பதைத் தெரிவிப்பவை. அடுத்த இரண்டும் துறைமுகத்தையே பற்றியவை. ஐந்து முதல் ஏழு வரை அபாயத்தையும், எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயத்தையும் குறிக்கும். தூரத்துப் புயலுக்கும் வாசலில் நிற்கும் புயலுக்கும் ஒரே குறியை ஏற்றினால், நாளடைவில் எவரும் அதைப் பொருட்படுத்தமாட்டார்.

எல்லாவற்றிலும் வியப்பானது பதினொன்றாம் எண். வானிலை எச்சரிக்கை நிலையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை நேரக்கூடுமென உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். அதாவது, செய்தி வரவில்லை என்பதையே ஒரு செய்தியாக அது அறிவிக்கிறது.

மௌனத்தின் இரு பொருள்கள்

குறி தோன்றாதபோது அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: சொல்லத்தக்க செய்தி எதுவும் இல்லாமலிருக்கலாம், அல்லது செய்தி புறப்பட்டும் வழியில் நின்றுபோயிருக்கலாம். காண்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இதன் விளைவை 2017-ஆம் ஆண்டின் ஒக்கிப் புயல் உணர்த்திற்று. அவ்வாண்டு நவம்பர் 29-ஆம் தேதி இலங்கைக்கு அருகே தோன்றிய தாழ்வு மண்டலம், மறுநாள் காலையிலேயே குமரிக் கடற்பகுதியில் புயலாக வலுத்தது. அதற்கு முன்பே திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளிலிருந்து படகுகள் பல ஆழ்கடலை அடைந்திருந்தன. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கைபேசி பெரும்பாலும் பயன்படுவதில்லை. கரையில் ஒலித்த எச்சரிக்கை அவர்களுக்கு எட்டவில்லை. கையிலிருந்த கருவியோ அமைதியாகவே இருந்தது. பலர் மீளவில்லை.

இக்குறையைப் போக்க, 2019-ஆம் ஆண்டில் 'ஜெமினி' என்னும் கருவி அறிமுகமாயிற்று. ககன் செயற்கைக்கோள் ஏற்பாட்டின் வழியே வரும் எச்சரிக்கையை அது பெற்று, அருகிலுள்ள கைபேசிக்கு அளிக்கிறது. மீனவர் அதைத் தம் மொழியில் படிக்கலாம். ஆனால் அது ஒருவழிப் பாதை; செய்தி கிடைத்ததா என்பது கரையிலுள்ளோருக்குத் தெரியாது. இஸ்ரோ 2024-ஆம் ஆண்டில் அறிவித்த இரண்டாம் தலைமுறை அபாய அறிவிப்புக் கருவி மேலும் ஒரு படி முன்னேறியது. படகிலிருந்து உதவி கோரினால், கோரிக்கை கிடைத்துவிட்டதென்ற பதில் படகுக்கே திரும்பி வருகிறது. தத்தளிப்பவருக்கு அப்பதிலே பாதி உதவி எனலாம்.

மேஜைமேல் உள்ள குறி

கணிப்பொறித் திரையில் செய்தியை அறிவிக்க மூன்று வழிகள் கையாளப்படுகின்றன: படக்குறியின்மேல் செய்திகளின் எண்ணிக்கையைக் காட்டும் வட்டம், திரையின் மூலையில் தோன்றி மறையும் சிறு பட்டி, ஒலி. கடலில் கற்ற பாடங்கள் இங்கும் பொருந்தும். நிறத்தை மட்டும் நம்பினால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர் ஏமாறுவர். ஆகவே எண்ணோ வடிவமோ துணையாக வேண்டும். ஒலியும் திரையை மறைக்கும் பட்டியும் அவசரச் செய்திக்கு உரியவை. ஏனையவற்றிற்கு வட்டமே போதும். செய்தியைப் படித்தவுடன் குறி மறைய வேண்டும்; படித்த பின்னும் நிற்கும் குறி, நாளை வரும் உண்மைக் குறியையும் நம்பாதிருக்கப் பழக்கிவிடும்.

பெரிதும் மறக்கப்படுவது பதினொன்றாம் எண்ணின் பாடமே. இணைப்பு அறுந்த கணிப்பொறியும், செய்தியே வராத கணிப்பொறியும் ஒரே வெறுமையான திரையைக் காட்டுவது முறையன்று. இணைப்பு இல்லை என்பதற்குத் தனிக் குறியும், கடைசியாகச் செய்தி பார்க்கப்பட்ட நேரமும் திரையில் இடம்பெறுதல் வேண்டும். அப்போதுதான் குறி இல்லாத வேளையில், உண்மையிலேயே செய்தி இல்லையென்று நம்பி, ஒருவர் தம் வேலையை நிம்மதியாகத் தொடர முடியும்.