ஒரே மேடையில் ஐந்து சின்னப்பா

சென்ற பொங்கல் விழாவுக்கு ஒரு மாதம் முன்பு, அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேர் வந்து நின்றார்கள். விழாவில் காட்ட ஒரு பாட்டுப் படம் எடுக்கப் போகிறார்களாம். பாட்டு அவர்களே கட்டியது. நால்வரில் ஒருவனுக்குத்தான் தமிழ் எழுத வரும். மற்றவர்கள் கன்னட எழுத்தில் குறித்து வைத்துப் பாடினார்கள். கையில் இருந்தது பத்தாயிரம் ரூபாய். ஆசையோ மழை, புகை, ஒருவனே நால்வராகத் தோன்றுவது என்று நீண்டது.

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல பண்ணிடலாம் மாமா" என்றான் மூத்தவன்.

உள்ளேயிருந்து என் பெரியம்மா சிரித்தார். "கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே சின்னப்பா அஞ்சு பேரா வந்தாரேடா!"

உண்மைதான். 1944ல் வெளிவந்த 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் பி.யு. சின்னப்பா பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் ஒரே கச்சேரியில் ஐந்து பேராகத் தோன்றுவார். இயக்கியவர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு, பின்னாளில் நம் பெங்களூரில் சாமுண்டேஸ்வரி ஸ்டுடியோவை நடத்தியவரும் அவரே. 1965ல் 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜி கணேசனும் அப்படித் தோன்றினார்.

அந்நாளில் இத்தகைய காட்சிக்கு லென்ஸின் ஒரு பகுதியைக் கறுப்பு அட்டையால் மறைத்துப் படமெடுப்பார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பகுதியைத் திறந்து மீண்டும் எடுப்பார்கள். காமிரா இம்மியும் அசையக்கூடாது, வெளிச்சம் மாறக்கூடாது, நடிகர் தம் எல்லையைத் தாண்டக்கூடாது. இன்று அட்டையின் வேலையைக் கணினி செய்கிறது. ஆனால் மூன்று விதிகளும் அப்படியே இருக்கின்றன.

பிள்ளைகள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். மொட்டை மாடியில் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை என்று எடுத்தார்கள். சேர்த்துப் பார்த்தால் ஒருவன் நிழல் இடப்பக்கம், மற்றவன் நிழல் வலப்பக்கம்! வாடகை விளக்குக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்த மூவாயிரம் ரூபாய் வீண்.

அதன் பிறகே உட்கார்ந்து திட்டம் போட்டோம். உடம்பைத் தொடுவதை நிஜமாகச் செய்வது, தள்ளி நிற்பதைக் கணினிக்கு விடுவது என்று முடிவானது. புகைக்குச் சாம்பிராணி போட்டோம். ஜன்னல்களைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டோம். மழைக்கு ஹோஸ் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. 2024 கோடையில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று இங்கே அறிவித்ததை மறக்க முடியுமா? முகத்தில் மட்டும் பூவாளித் தண்ணீர், பின்னால் ஒரு விளக்கு. பின்னாலிருந்து ஒளி பட்டால்தான் துளிகள் மின்னும். தூரத்து மழை கணினியில். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும்.

ஆட்கள் இல்லாத வெறும் மேடையையும் ஒருமுறை படமெடுத்து வைப்பது நல்லது. எதையாவது மறைக்க வேண்டுமானால், பின்னால் காட்டுவதற்கு அந்தப் படம்தான் உதவும். 1994ல் ஷங்கரின் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவின் தலையும் கைகளும் மறைந்து உடை மட்டும் ஆடியதே, நினைவிருக்கிறதா? சிறப்புக் காட்சிகளுக்கான தேசிய விருது அப்படத்துக்குக் கிடைத்தது. அத்தகைய வித்தையில் மறைந்த இடத்தில் பின்னணி தெரிய வேண்டும். காலரின் உட்புறம்கூடத் தெரிய வேண்டும்.

கடைசியாக, மெதுவாக நகரும் காட்சி. விநாடிக்கு 60 படம் எடுத்து 30 ஆக ஓட்டினால் வேகம் பாதியாகும். ஆகவே எடுக்கும்போது பாட்டை இரட்டிப்பு வேகத்தில் ஒலிக்கவிட்டுப் பாட வேண்டும். அப்போதுதான் திரையில் உதடு பொருந்தும். அந்த வேகத்தில் காகிதத்தைப் பார்த்துப் பாட முடியுமா? ஒரு வாரம் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, பெரியம்மாவிடம் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். 'ழ'கரத்துக்கு மட்டும் இரண்டு நாள் ஆயிற்று!

விழாவில் படம் நான்கு நிமிடம் ஓடியது. ஒருவனே நால்வராக வந்தபோது கைதட்டல் அடங்கவில்லை. பெரியம்மாவுக்கு மட்டும் ஒரு குறை: "சின்னப்பா அஞ்சு பேரு, நீங்க நாலுதானே!"

அடுத்த ஆண்டு ஐந்தாக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டை இம்முறை தமிழ் எழுத்திலேயே எழுதி வருகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படி ஏதாவது கேட்டு வந்தால், செலவுக் கணக்கோடு கூடவே உட்காருங்கள்.